டீச்சர் திருப்பிக் கொடுத்த அனுமதி

மேற்குத் தாம்பரத்தில், ரயில்வே கேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். மாதம் ஒருமுறை இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர் அங்கே வருவார். மரப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓனர் ராஜரத்தினம் சார் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "சார் வெளியே போயிருக்காரு" என்று சொல்லும் வேலை மெக்கானிக் மஸ்தானுடையது. 1968 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை மஸ்தான் வரவில்லை. ஆகவே அந்த வேலை டீச்சரிடம் வந்தது.

"சார் இருக்காரா?" என்றார் ஏஜெண்ட்.

"உள்ளுக்கு இருக்கிறார்" என்றார் டீச்சர். "ஆனால் இல்லையெண்டு சொல்லச் சொன்னவர். நீங்கள் எதை எடுக்கிறீங்கள்?"

பன்னிரண்டு மெஷின்களும் ஒரே நேரத்தில் நின்றன. உள்ளறையில் யாரோ இருமினார். ஏஜெண்ட் நிதானமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கால் மணி நேரம் கழித்து, கார்பன் காகிதம் தேடப் போனவர்போல் கையில் ஒரு கட்டுடன் வெளியே வந்த ராஜரத்தினம் சார், அன்றே இருபது வருஷப் பாலிசி ஒன்றில் கையெழுத்துப் போட்டார்.

ஏஜெண்ட் இறங்கிப் போன பிறகு ராஜரத்தினம் சார் கத்திய கத்தலில் சைக்கிள் கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார். டீச்சருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நீங்கள் சொல்லச் சொன்னதையும் சொன்னனான்தானே? ஒரு சொல் விடேல்லையே" என்றார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், எங்கே இருந்தாலும் இதைத் தேடிப் படித்து, ஏஜெண்ட் உட்கார்ந்தது ஸ்டூல் அல்ல பெஞ்சு என்று பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்புவார். டீச்சர் என்றே இருக்கட்டும். தாம்பரத்தில் அந்த நாட்களில் டீச்சர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் "டைப் டீச்சர்" என்றால் அவர் ஒருவர்தான்.

யாழ்ப்பாணத்துக்காரர். கல்லூரியில் படிக்க வந்து, படித்து முடித்து, சுருக்கெழுத்தும் படித்து, கடைசியில் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் இடத்துக்கு வந்தவர். ஒல்லியான உயரம். காதில் கல் வைத்த சின்னத் தோடு. தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தி நம் விரல்களைப் பார்ப்பார். விசைகளைப் பார்த்து அடிப்பவர்களின் கைமேல் ஒரு கைக்குட்டையைப் போர்த்திவிடுவார். எங்கள் பேச்சில் பாதி அவருக்கு வேடிக்கை. மஸ்தான் எதற்கெடுத்தாலும் "ஒரே பேஜாரு டீச்சர்" என்பான். அவரும் அதைக் கற்றுக்கொண்டு, "இந்த மெஷினிலை 'ழ' ஒரே பேஜாராக் கிடக்கு" என்பார். பம்மலிலிருந்து தினம் சைக்கிளில் வரும் மஸ்தானுக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷம். அதற்காகவே அந்த மெஷினை ஒருபோதும் முழுசாகச் சரி செய்ததில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நான் கோட்டையில் அரசாங்கக் குமாஸ்தா. டைப்பிங் பரீட்சை பாஸ் செய்தால்தான் அடுத்த படி என்பதால் 1967 நவம்பர் முதல் தேதி அங்கே சேர்ந்தேன். எனக்கு வயது இருபத்துமூன்று. டீச்சருக்கு என்னைவிட ஆறு வயது அதிகம். என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை அந்தக் காலத்தில் நான் யாரிடமும் சொல்லவில்லை.

உண்மை பேசுகிறவர்கள் உலகத்தில் உண்டு. ஆனால் அவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். டீச்சருக்கு நிறுத்தத் தெரியாது. டீச்சர் போகும் தேவாலயத்துப் போதகர் ஐயா, பிரசங்கம் எப்படி இருந்தது என்று தேவாலய வாசலில் எல்லாரையும் கேட்பார். எல்லாரும் "ஆசீர்வாதமா இருந்தது ஐயா" என்று கைகுலுக்கிவிட்டு வெயிலுக்குள் இறங்கிவிடுவார்கள். டீச்சர் ஒருமுறை, "முதல் பத்து நிமிஷம் நல்லாயிருந்தது. பிறகு நான் நித்திரை. எழும்பேக்குள்ளை நீங்கள் இன்னும் அதே வசனத்திலைதான் நிண்டீங்கள்" என்றாராம். அடுத்த ஞாயிறு பிரசங்கம் பதினேழு நிமிஷத்தில் முடிந்தது. சபையார் டீச்சருக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இரும்புலியூரிலிருந்து ஸ்டெல்லா என்று ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் விசாரிப்பதற்காக இன்ஸ்டிட்யூட்டுக்கே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து பென்ஷன் வாங்கியவர். "பொண்ணு எப்படிம்மா?" என்று டீச்சரைக் கேட்டார்.

"நிமிஷத்துக்கு நாப்பது சொல். நாலு பிழை விடுவாள்."

"அதில்லம்மா. குணம், சமையல்..."

"குணம் நல்லது. கோபம் வந்தால் ரிப்பனை அறுத்துப்போடுவாள், ரெண்டு தரம் அறுத்தவள். சமையல் தெரியாது. ஒரு நாள் புளிச்சோறு கொண்டுவந்தவள். நான் அரைவாசியைக் காகத்துக்குப் போட்டனான். காகம் வந்து பாத்துட்டுத் தின்னாமல் போயிட்டுது."

ராஜரத்தினம் சார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா தன் குடையைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து, "முப்பது வருஷமா டிக்கெட் இல்லாதவங்க சொல்ற கதையா கேட்டவன் நான். இந்தப் பொண்ணைப் பத்தி வேற எதுவும் மறைக்கல இல்ல? அப்ப சரி" என்றார். கல்யாணம் நடந்தது. ஸ்டெல்லா டீச்சரோடு ஆறு மாதம் பேசவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

எல்லாமே இப்படிச் சிரிப்பாக முடிந்ததில்லை. அந்தக் கல்யாணப் பேச்சுக்கு முந்தின வருஷம், பரீட்சைக்கு முதல் நாள் அதே ஸ்டெல்லாவிடம், "இந்த முறை நீ பாஸாக மாட்டாய்" என்று சொன்னவரும் டீச்சர்தான். அவள் ரயில் மேடை வரைக்கும் அழுதுகொண்டே போனாள். நான் போய்ச் சண்டை போட்டேன். "நாளைக்கு மறுநாள் தெரிஞ்சால் குறைவா நோகுமோ?" என்று கேட்டார் டீச்சர். ஸ்டெல்லா பாஸாகவில்லை. அதற்குப் பிறகு ஐந்து மாதம், காலை ஆறு மணிக்கு, இன்ஸ்டிட்யூட் திறப்பதற்கு முன்பே சாவியை வாங்கிக்கொண்டு வந்து அவளுக்குத் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அவருக்கு உண்மையைச் சொல்வது ஒரு வேலை. சொன்ன பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது இன்னொரு வேலை.

இனி ஒரு நாற்பத்தாறு நாள் கதை.

இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் இங்கே தங்குவதற்கு அனுமதி வாங்க வேண்டும். அதை வருஷா வருஷம் ஜில்லா ஆபீஸில் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சீட்டில் எதற்காகத் தங்குகிறார் என்று ஒரு காரணம் எழுதியிருக்கும். டீச்சருடைய சீட்டில் 1967-ஆம் வருஷத்துக்கு எழுதியிருந்தது "படிப்பு". எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் சுருக்கெழுத்துப் படிப்பு. சீட்டு டிசம்பர் 31 வரை செல்லும்.

நவம்பர் 20, திங்கட்கிழமை பரீட்சை முடிவு வந்தது. டீச்சர் முதல் வகுப்பில் பாஸ். வேறு யாராக இருந்தாலும் லட்டு வாங்கியிருப்பார்கள். டீச்சர் அன்று சாயங்காலமே ஒரு கடிதம் டைப் அடித்தார். தாம் படிக்க வந்த படிப்பு முடிந்துவிட்டது. ஆகவே படிப்பைக் காரணம் காட்டிப் பெற்ற அனுமதியை இனி வைத்திருப்பது முறையல்ல. அதை இத்துடன் திருப்பிக் கொடுப்பதாக எழுதியிருந்தார். மறுநாள் பஸ் ஏறிப் போய் ஜில்லா ஆபீஸில் நீட்டினார். அங்கிருந்தவர் கடிதத்தை வாங்கி, நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். சீட்டை மட்டும், "இதை நீங்களே வச்சுக்குங்கம்மா" என்று தள்ளிவிட்டார். இப்படி ஒரு கடிதத்தை என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை.

டீச்சர் தாம்பரத்துக்குத் திரும்பி வந்து, சம்பளமில்லாமல் எங்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஜனவரி முதல் தேதி ராஜரத்தினம் சார் வேலைக்கு ஆர்டர் கொடுத்தார். இப்போது எழுதுவதற்கு ஓர் உண்மையான காரணம் கிடைத்துவிட்டது. ஜனவரி 6, சனிக்கிழமை புது அனுமதி வாங்கினார். காரணம்: "வேலை". நடுவில் நாற்பத்தாறு நாள். யாரும் கேட்கவில்லை. டீச்சரும் எங்களிடம் சொல்லவில்லை, ஏனென்றால் நாங்கள் கேட்கவில்லை.

1971 ஜூலையில்தான் அது வெளியே வந்தது. அந்த வருஷம் ஜில்லா ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்: இனி வருஷா வருஷம் நீட்டிக்க முடியாது. நிரந்தரமாகத் தங்குவதற்கு எழுதிப் போடுங்கள், இல்லையென்றால் அடுத்த மார்ச் முடிவதற்குள் கிளம்புங்கள். நிரந்தரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இத்தனை வருஷம் இடைவிடாமல் அனுமதியோடு இருந்திருக்க வேண்டும். நடுவில் விட்டுப் போயிருந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். 1968 ஜனவரியிலிருந்து எண்ணினால் டீச்சருக்குக் கணக்குப் போதாது.

கிளம்புவது என்றால் எங்கே? ஊரில் அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். வீட்டை அண்ணன் விற்றுவிட்டு லண்டனுக்குப் போய்விட்டார். இலங்கைக் கப்பல் பிடிக்கப் போகிறவர்கள் ஏறும் ராமேஸ்வரம் மெயில் தாம்பரம் வழியாகத்தான் போகும். அது போகும் சத்தம் கேட்டால் அந்த ஜூலை மாதம் முழுக்க டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டு, போன பிறகு தொடர்ந்தார். அவர் நடுவில் நிறுத்தி நாங்கள் பார்த்தது அப்போதுதான்.

எங்களுக்கு விஷயம் தெரிந்தது, அவர் விண்ணப்பத்தை எங்கள் முன்னாலேயே டைப் அடித்ததால். "தங்கியிருந்த காலங்கள்" என்ற இடத்தில், 21-11-67 முதல் 5-1-68 முடிய, அனுமதியின்றி, என்று அடித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்று படித்த ராஜரத்தினம் சார் அலறிவிட்டார்.

"என்ன டீச்சர் இது? சீட்டுல டிசம்பர் முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்குல்ல? அதை அப்படியே எழுதுங்க. மிச்சம் அஞ்சு நாள்தானே?"

"சீட்டிலை இருக்கு. ஆனால் நான் திருப்பிக் குடுத்தனான்."

"அவன் வாங்கிக்கலையே!"

"அது அவருடைய பிழை. நான் குடுத்தது குடுத்ததுதான்."

மஸ்தான் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "டீச்சர், இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? பம்மல்ல நம்ம மச்சான் ஒருத்தன் கம்பவுண்டரா கீறான். அஞ்சு நாளு மஞ்சக்காமாலைன்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கியாந்துர்றேன். டாக்டரு கையெழுத்தே போட்டுக்கினு வந்துருவான்."

"எனக்கு மஞ்சள்காமாலை வரேல்லையே."

"வர்லன்னா இன்னா? இனிமே வராதுன்னு யாரு கண்டா? முன்கூட்டியே எழுதி வச்சிக்கிறது."

ராஜரத்தினம் சார் இன்னொரு யோசனை வைத்திருந்தார். வேலை ஆர்டரை நவம்பர் தேதி போட்டு மறுபடி அடித்துத் தருவதாகச் சொன்னார். தாம் விற்கும் ரிப்பனில்கூடப் பழைய தேதி மாற்றாத மனிதர் அவர். இதைச் சொல்லும்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நான். நான் தினமும் டைரி எழுதுகிறவன். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம், செம்பாக்கம் ஏரி எந்தத் தேதி நிரம்பியது, எல்லாம் அதில் உண்டு. ஒரு தேதியை மாற்றி எழுதியதில்லை. டீச்சரிடம், "ஜனவரி முதல் வாரம் நீங்க காய்ச்சலா படுத்திருந்ததா என் டைரியில எழுதித் தரேன். அதே மை இன்னும் இருக்கு" என்றேன்.

டீச்சர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் இல்லை. காகிதத்தை உருளையிலிருந்து எடுத்தார். "ஒரு பிழையும் இல்லாமல் அடிச்சிருக்கிறன்" என்றார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 18, புதன்கிழமை நேரில் வரச் சொல்லி ஜில்லா ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அந்த நாற்பத்தாறு நாளும் இந்தியாவை விட்டு வெளியே போகவில்லை என்பதற்குச் சாட்சியோ ஆதாரமோ கொண்டுவர வேண்டும். டீச்சர் என்னிடம் வந்தார். "தம்பி, உங்களிடை டைரி இருக்குத்தானே? மாத்தாமல் கொண்டுவாங்கோ" என்றார். நான் பெருமையோடு தலையாட்டினேன். அந்த டைரியில் வேறு என்ன எழுதியிருக்கிறேன் என்பது பஸ்ஸில் உட்கார்ந்து, படப்பை தாண்டிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து கைக்குட்டையை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். இறங்கவில்லை.

அதிகாரி ஐம்பதைத் தாண்டியவர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு டீச்சரின் விண்ணப்பத்தைப் படித்தார். கூடவே நாலு பக்கம் விளக்கமும் இருந்தது.

"ஏம்மா, இந்த நாற்பத்தாறு நாள் எங்கே இருந்தீங்க?"

"தாம்பரத்திலை."

"அனுமதி இல்லாமலா?"

"ஓம்."

"அது யாருக்காவது தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியும். உங்களிடந்தானே கடிதம் குடுத்தனான்."

அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். பழைய பைலைக் கொண்டுவரச் சொல்லி, அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு என் டைரியைக் கேட்டார். கொடுத்தேன். அவர் மனதுக்குள் படிக்கிற மனிதராக இருந்திருக்கலாம். இல்லை.

"நவம்பர் 21, செவ்வாய். டீச்சர் சாயங்காலம்தான் வந்தார். 22, புதன். 8-10 வண்டி ஆறு நிமிஷம் தாமதம். மழை இல்லை. டீச்சர் நீலப் புடவை." பக்கத்தைப் புரட்டினார். "23, வியாழன். இரவு தூறல். டீச்சர் தலைக்குக் குளித்திருந்தார். 24, வெள்ளி. டீச்சர் என் விரல்மேல் கைக்குட்டை போட்டார். 25, சனி. டீச்சர் சிரித்தார், என்னைப் பார்த்து அல்ல."

எதிர் மேஜை குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டார். அதிகாரி என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "26, ஞாயிறு. தேவாலய வாசலில் டீச்சர். தம்பி, நீங்க கிறிஸ்தவரா?"

"இல்ல சார்."

"அப்ப ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல என்ன வேலை?"

"எதிர்ல வாசகசாலை இருக்கு சார். பேப்பர் படிக்க..."

"ஞாயிறிலை அது பூட்டு" என்றார் டீச்சர்.

நாற்பத்தாறு நாளும் இருந்தது. ஒரு நாள் விடவில்லை. கிறிஸ்துமஸ் அன்று இரண்டு தடவை இருந்தது. அதிகாரி கடைசிப் பக்கம் வரை சத்தமாகவே படித்து முடித்து, டைரியை மூடி, "பயிர்க் கணக்கு எழுதுற கணக்குப்பிள்ளைகூட இப்படி எழுத மாட்டான். இவங்க வெளியே எங்கேயும் போகலை, அது நிச்சயம்" என்றார்.

"22-ஆம் திகதி நீலம் இல்லை" என்றார் டீச்சர். "மயில்பச்சை. மற்றதெல்லாம் சரி."

நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது! எனக்குக் காது சுட்டது.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இங்க பாருங்கம்மா. நாங்க குடுத்த அனுமதியை நாங்கதான் ரத்து பண்ணணும். நீங்க கடிதம் குடுத்தா அது கடிதம்தான். ரத்து உத்தரவு போடலை. அதனால டிசம்பர் 31 வரைக்கும் உங்க அனுமதி உயிரோடதான் இருந்தது."

"அது சரியில்லை ஐயா. காரணம் முடிஞ்சதே..."

"அம்மா, நான் உங்க பக்கம் பேசிக்கிட்டிருக்கேன். கொஞ்சம் குறுக்கே வராதீங்க."

டீச்சர் வாயை மூடிக்கொண்டார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது கழுத்தில் தெரிந்தது.

"மிச்சம் ஜனவரி ஒண்ணுலேர்ந்து அஞ்சு. இதுக்கு அனுமதி கிடையாது. திங்கள்லேர்ந்து வெள்ளி. ஆபீஸ் திறந்துதான் இருந்திருக்கும். ஏன் வரலை?"

டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. எந்தக் கேள்விக்கும் அவர் யோசித்து நான் பார்த்ததில்லை.

"அஞ்சு நாளும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தனான். ஏறேல்லை."

"ஏன்?"

"பயமா இருந்தது. வேண்டாமெண்டு சொல்லிப் போடுவீங்கள் எண்டு. நானாத்தானே திருப்பிக் குடுத்தனான். திரும்பக் கேக்க..." கைக்குட்டையை மடித்தார். "கேக்காமல் இருக்கிற வரைக்கும் இல்லையெண்டு ஒருத்தரும் சொல்லேல்லைத்தானே?"

நாலு வருஷம் அவரிடம் படித்திருக்கிறேன், அவர் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். அவருக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. என் டைரியில் அந்த ஐந்து நாளும் டீச்சர் தாமதமாக வந்தார் என்று இருக்கிறது. ஏன் என்று இல்லை.

அதிகாரி பேனாவை எடுத்துக் குறிப்பில் ஏதோ எழுதினார். டீச்சர் எழுத்தைத் தலைகீழாகப் படிக்கத் தெரிந்தவர். அது அவர் தொழில். "உடல்நலக் குறைவு எண்டு எழுதியிருக்கிறீங்கள். எனக்கு உடம்புக்கு ஒண்டும் இல்லை."

"அம்மா..."

"இல்லை ஐயா."

அதிகாரி பெருமூச்சு விட்டு, அதைக் கோடு கிழித்து அடித்து, மேலே வேறொன்று எழுதினார். நானும் எட்டிப் பார்த்தேன். தாமதத்துக்குக் காரணம்: அச்சம். ஐந்து நாட்களை மன்னிக்கலாம் எனப் பரிந்துரைக்கப்படுகிறது. நான் ஓய்வு பெறும் வரை எத்தனையோ பைல்கள் பார்த்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் அந்தச் சொல்லை வேறு எதிலும் பார்த்ததில்லை. மேலிடத்திலும் அதை அப்படியே ஒப்புக்கொண்டார்கள். 1972 பிப்ரவரியில், கெடுவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, டீச்சர் நிரந்தரமாகத் தங்கலாம் என்று உத்தரவு வந்தது.

ஆனால் அன்று எங்களுக்கு அது தெரியாது. குறிப்பை எழுதி முடித்ததும் அதிகாரி விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, "தம்பி, நீங்க ஒரு பத்து நிமிஷம் வெளியே இருங்க" என்றார். நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே டீச்சரின் குரல் சீராகக் கேட்டது, எங்களுக்கு டிக்டேஷன் கொடுக்கிற வேகத்தில். பிறகு அதிகாரி சிரிப்பது கேட்டது. பிறகு குமாஸ்தாவும் சேர்ந்து சிரித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. பஸ் ஒரகடம் தாண்டியது. டைரி என் மடியில் செங்கல் மாதிரி கிடந்தது. ஏதாவது கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"தம்பி, நீங்கள் கேக்க நினைக்கிறது எனக்கு விளங்குது" என்றார் டீச்சர். "அது இல்லை. எனக்கு உங்களிலை அப்பிடி ஒரு எண்ணம் இல்லை. இனியும் வராது எண்டுதான் நினைக்கிறன்."

சரி என்றேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு மைல்கல் போனது. எத்தனை மைல் என்று அன்று நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பேச்சை மாற்றுவதற்காக, உள்ளே என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

"கடைசிப் பக்கத்திலை ஒரு கேள்வி. நிரந்தரமா இந்த ஊரிலை இருக்க விரும்புறதுக்குக் காரணம் என்ன எண்டு."

"என்ன எழுதினீங்க?"

"எனக்காகப் பொய் சொல்ல வேறை எந்த ஊரிலையும் ஆக்கள் இல்லை. இங்கை மூண்டு பேர் இருக்கினம். அப்பிடித்தான் எழுதினனான்."

கொஞ்சம் முன்னால் பட்ட அடிகூட அந்த நிமிஷம் மறந்துவிட்டது. எத்தனை வருஷம் பழகினாலும் ஒரு மனிதரை இப்படி ஒரு வரியில்தான் தெரிந்துகொள்கிறோம் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். பிறகுதான் என் குமாஸ்தா மூளை விழித்துக்கொண்டது.

"அதைப் படிச்சிட்டு அவர் என்ன கேட்டாரு?"

"ஆர் அந்த மூண்டு பேர் எண்டு கேட்டவர்."

"நீங்க சொல்லலையே?"

டீச்சர் என்னை வியப்போடு பார்த்தார். "கேட்டால் சொல்லாமல்? ராஜரத்தினம் சார், ஆர்டரிலை பழைய திகதி. மஸ்தான், மஞ்சள்காமாலை. நீங்கள், அதே மை."

"டீச்சர்! நான் கவர்ன்மெண்ட் சர்வெண்ட்!"

"ஓம்" என்றார் டீச்சர். "அதையும் சொன்னனான்."